மாவிலாறு ரெண்டு தரம்: கொட்டியாரக் குடாவிலிருந்து ஒரு காலநிலை வரலாறு

கிண்ணியாவில் இப்ப எந்தக் கதையைத் தொடங்கினாலும் அது வானிலையில்தான் போய் நிற்குது. "ஐப்பசி பிறந்தா வாடை தொடங்கும் எண்டு கண்ணை மூடிக்கொண்டு விதைச்சோம், இப்ப ஒண்டையும் நம்ப ஏலாது" என்று வயல் செய்கிறவர்கள் சொல்கிறார்கள். கடலுக்குப் போகிறவர்கள் அதையே காற்றை வைத்துச் சொல்கிறார்கள். கச்சான் காற்று நிற்க வேண்டிய நாளில் நிற்கவில்லை, கடல் அடங்க வேண்டிய நாளில் அடங்கவில்லை என்பது அவர்களுடைய முறைப்பாடு.

இந்தப் பழைய பேச்சோடு கொஞ்ச காலமாக ஒரு புதுச் சொல் சேர்ந்திருக்கு: காலநிலை மாற்றம். வெள்ளம் வந்தாலும் அதுதான், வரட்சி வந்தாலும் அதுதான். மேடையில் பேசுகிற அரசியல்வாதி முதல் தேத்தண்ணிக் கடையில் பேப்பர் வாசிக்கிறவர் வரைக்கும் எல்லாரும் சொல்கிறார்கள். முந்தி "விதி, என்ன செய்ய?" என்று கதையை முடிப்பார்கள். இப்ப "காலநிலை மாற்றம், என்ன செய்ய?" என்று முடிக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது இந்த "என்ன செய்ய" தான்.

காலநிலை மாற்றம் உண்மை, அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடானால் அது ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைப் பிடித்து வைத்திருக்கும். அந்த ஈரம் எங்கேயோ ஓரிடத்தில் கொட்டித்தான் ஆகவேண்டும். வங்காள விரிகுடாவின் ஓரத்தில் இருக்கிற எங்களுக்கு இதை வகுப்பு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஆனால் வரலாறு படிக்கிற ஒருத்தியாக நான் கேட்க விரும்புற கேள்வி வேறு. கொட்டியாரக் குடாவைச் சுற்றி வானிலை எப்பவாவது தனியாக வந்திருக்கா? அரசியல் இல்லாத ஒரு மழை, அதிகாரம் இல்லாத ஒரு காற்று இங்கே அடித்திருக்கா?

காற்று கொண்டு வந்தவர்கள்

கிண்ணியாவுக்கு ஒரு பக்கம் தம்பலகாமக் குடா, மற்றப் பக்கம் கொட்டியாரக் குடா. வடக்கே தண்ணீரைத் தாண்டினால் திருகோணமலைத் துறைமுகம், தென்கிழக்கே மூதூர். இடையில் மகாவலி வந்து கடலில் விழுகிறது.

1659 நவம்பரில் சோழமண்டலக் கரையில், மசூலிப்பட்டினத்தில், ஒரு புயல் அடித்தது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் 'ஆன்' என்ற கப்பல் அதில் பாய்மரத்தை இழந்தது. புது மரம் போட்டுக்கொண்டு அப்படியே வியாபாரமும் பார்க்கலாம் என்று கப்பலைக் கொட்டியாரத்துக்கு அனுப்பினார்கள். 1660 ஏப்ரலில் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவனையும் அவனுடைய மகனையும் மாலுமிகளையும் இங்கே பிடித்தார்கள். அந்த மகன்தான் ரொபர்ட் நொக்ஸ். 19 வருஷத்துக்கு மேல் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்து தப்பிப் போய், 1681இல் இலங்கையைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் ஐரோப்பாவுக்கு இந்தத் தீவை அறிமுகப்படுத்தியது. ஒரு வாடைக்காலப் புயல் இல்லாவிட்டால் அந்தப் புத்தகமே இல்லை.

நொக்ஸ் தற்செயலாக வந்தவர். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் வானிலையைக் கணக்குப் போட்டு வந்தார்கள். வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கினால் சோழமண்டலக் கரையில் பாய்க்கப்பல் நிற்க முடியாது. அன்றைய சென்னைக்கு ஒழுங்கான துறைமுகம் கிடையாது, திறந்த கடலில்தான் நங்கூரம் போடவேண்டும். அதனால் ஒக்டோபர் வந்தால் ஆங்கிலேயரின் போர்க்கப்பல்கள் கரையை விட்டுவிட்டு இந்தியாவைச் சுற்றிப் பம்பாய்க்கு ஓடும், திரும்பி வர மாதக்கணக்காகும். அந்த இடைவெளியில் கரை யாருக்குச் சொந்தம்? வங்காள விரிகுடாவின் இந்தப் பக்கத்தில் எந்தக் காற்றிலும் ஒரு கடற்படை முழுவதும் ஒதுங்கி நிற்கக்கூடிய இடமாக இருந்தது திருகோணமலைதான். அதனால்தான் 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து அதைப் பறித்தார்கள், அதே வருஷம் ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். சமாதானத்துக்குப் பிறகு ஒல்லாந்தருக்குத் திரும்பிப் போனது, 1795இல் ஆங்கிலேயர் மறுபடி வந்தார்கள். அதன் பிறகு 1957 வரைக்கும் அவர்களுடைய கடற்படை இங்கே இருந்தது.

பாடப்புத்தகத்தில் இதை "இயற்கைத் துறைமுகம்" என்று ஒரு வரியில் படித்துவிட்டுப் போகிறோம். அந்த இயற்கைக்குக் கிடைத்த விலைதான் எங்கட காலனிய வரலாறு. நிலக்கரிக் கப்பல் வந்து, பிறகு எண்ணெய்க் கப்பல் வந்தபோதும் இது மாறவில்லை. 1930களில் சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டத் தொடங்கிய நூறு அளவிலான எண்ணெய்த் தாங்கிகள் இன்னும் காட்டுக்குள்ள நிற்கின்றன. 1987 இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் அவை பற்றிப் பேசப்பட்டது, 2003இல் பேசப்பட்டது, 2022 ஜனவரியில் மறுபடி ஒப்பந்தம் போடப்பட்டது. பூமியைச் சூடாக்கின எரிபொருளின் வரலாறு எங்கேயோ தூரத்தில் நடந்தது என்று நினைக்கிறோம். கிண்ணியாவில் இருந்து பார்த்தால் அது அடுத்த கரை.

மலையில் வெட்டின மரம்

எங்கட வெள்ளத்தில் பாதி எங்கட மழையில்லை. 335 கிலோமீற்றர் ஓடுகிற மகாவலி, மத்திய மலைநாட்டில் பெய்ததை இங்கே கொண்டுவந்து கொட்டுகிறது. அதனால் கண்டியிலும் நுவரெலியாவிலும் 19ஆம் நூற்றாண்டில் என்ன நடந்தது என்பது மூதூர் வயல்காரருடைய வரலாறும்தான்.

1830களில் கோப்பி வந்தது. 1840இல் ஆங்கிலேய அரசு ஒரு காணிச் சட்டம் கொண்டுவந்தது. உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குரியது என்று அந்தச் சட்டம் வைத்துக்கொண்டது. பிறகு அந்தக் காணி தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது, மலைச்சரிவுகள் மொட்டையாகின. 1869இல் கோப்பியில் நோய் வந்து பயிர் அழிய, அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. அந்த வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றைக்கும் அந்தச் சரிவுகளில் லயங்களில் வாழ்கிறார்கள்.

இதில் எனக்கு ஆச்சரியமான ஒரு விஷயம் இருக்கு. 1873இல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஜோசப் ஹூக்கர், இலங்கை மலைக்காடு இப்படி அழிந்தால் அதன் காலநிலை கெடும் என்று குடியேற்ற அரசை எச்சரித்தார். அதற்குப் பிறகு 5,000 அடிக்கு மேலே காடு வெட்டுவது நிறுத்தப்பட்டது. ஆகவே "அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது" என்ற கதை சரிவராது. 150 வருஷத்துக்கு முந்தியே தெரியும். தெரிந்தும், லாபம் வருகிற உயரம் வரைக்கும் வெட்டிவிட்டு அதற்கு மேலே மட்டும் விட்டுவைத்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு ஆறு வேறு கைக்கு மாறியது. 1977க்குப் பிறகு, 30 வருஷத்துக்குப் போட்ட மகாவலித் திட்டத்தை ஆறு வருஷத்தில் முடிக்கிறோம் என்று துரிதப்படுத்தினார்கள். கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல என்று அணைகள் எழும்பின. மின்சாரம் வந்தது, தண்ணீர் வந்தது. அதோடு எந்த ஊருக்குத் தண்ணீர், எந்த இனத்துக்குக் காணி என்ற சண்டையும் கிழக்குக்கு வந்தது.

புயலும் கோட்டும்

எங்கட மூத்தம்மாவிடம் வயசைக் கேட்டால் வருஷம் சொல்ல மாட்டா. "அறுபத்திநாலு புயலுக்கு நான் இடுப்பளவு உயரம்" என்பா. 1964 டிசம்பர் 22இல் திருகோணமலைப் பக்கத்தால் உள்ளே வந்து, அன்று இரவே பாக்கு நீரிணையைத் தாண்டித் தனுஷ்கோடியை அழித்த புயல் அது. தனுஷ்கோடியில் ரயில் அடிபட்டுப் போனது எல்லாருக்கும் தெரியும். அதுக்குக் கொஞ்ச மணித்தியாலத்துக்கு முன்னால் அதே புயல் எங்கட கரையில் என்ன செய்தது என்பதை ஊருக்குள்ள வயசானவர்களிடம்தான் கேட்கவேண்டி இருக்கு. மூத்தம்மாவின் கணக்கில் தென்னைமரம் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துப் படுத்திருந்ததாம், கிணறு உப்பாகிப் போனதாம்.

2004 சுனாமி வானிலையில்லை, நிலநடுக்கத்தால் வந்தது. ஆனால் அனர்த்தத்துக்குப் பிறகு அரசு எப்படி நடக்கும் என்று எங்களுக்குக் காட்டியது அதுதான். கரையிலிருந்து இத்தனை மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று ஒரு கோடு போட்டார்கள். தெற்கில் 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200 மீற்றர். அலை ஒன்று, நாடு ஒன்று, கோடு மட்டும் ரெண்டு. இந்தக் கோட்டைப் பிறகு தளர்த்தினார்கள். ஆனாலும் கடலை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் அதற்குள் எத்தனையோ மாதம் கூடாரத்தில் கழித்துவிட்டன.

பிறகு மாவிலாறு. 2006 ஜூலையில் விடுதலைப் புலிகள் மாவிலாற்று மதகை மூடினார்கள். சேருவில, மூதூர்ப் பக்கத்துச் சிங்கள, முஸ்லிம், தமிழ் விவசாயிகளின் வயலுக்குப் போன தண்ணீர் நின்றது. மதகைத் திறக்க என்று இராணுவம் இறங்கியது, அந்த இடத்தில்தான் கடைசிக் கட்டப் போர் தொடங்கியது. ஓகஸ்டில் சண்டை மூதூருக்குள் வந்தது. மூதூர் முஸ்லிம்கள் நடந்தே ஊரை விட்டுக் கந்தளாய்க்கும் கிண்ணியாவுக்கும் வந்தார்கள். சம்பூர்த் தமிழர்கள் ஷெல்லடிக்குத் தப்பி மற்றப் பக்கம் ஓடினார்கள். ரெண்டு தரப்புக்கும் தண்ணீர் ஒரு ஆயுதமாக இருந்தது. வயல்காரன் எந்த மொழி பேசினாலும் அவன் வயல் காய்ந்தது.

கரியும் சூரியனும்

சம்பூர் மக்கள் திரும்பி வர முடியாமல் கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் முகாமில் இருக்கும்போது, அவர்களுடைய காணியில் 500 மெகாவாட் அனல் மின்நிலையம் கட்ட இந்தியாவின் என்.டி.பி.சி.யும் இலங்கை மின்சார சபையும் திட்டம் போட்டன. அதோடு விசேட பொருளாதார வலயமும் வந்தது. 2015இல்தான் காணியில் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. ஊர் மக்களும் சூழலியலாளர்களும் எதிர்த்து, வழக்கும் போட்டு, 2016இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. நிலக்கரி வராமல் போனது இந்தக் குடாவுக்கு ஒரு நல்ல செய்தி, அதில் மாற்றுக் கருத்து இல்லை.

அதே சம்பூரில் இப்ப சூரிய மின்சாரம். 120 மெகாவாட் திட்டத்துக்கு 2025 ஏப்ரல் 5இல் இந்தியப் பிரதமர் கொழும்பிலிருந்தே அடிக்கல் நாட்டினார். அதே வருஷம், சீனக்குடாவுக்குப் பக்கத்தில் முத்துநகர் விவசாயிகள் திருகோணமலை மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். துறைமுக அதிகாரசபைக்கு உரியது என்று சொல்லப்படும் அந்தக் காணியில் அவர்கள் குளம் கட்டி வயல் செய்து வந்தவர்கள். இப்ப அது சூரிய மின்திட்டத்துக்குப் போகுது.

நான் சூரிய மின்சாரத்துக்கு எதிரானவள் இல்லை. நிலக்கரிக்குப் பதிலாக வேறு வழி வேணும்தான். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்க. உலகத்தைச் சூடாக்கிற திட்டம் வந்தபோதும் விவசாயியின் காணிதான் கேட்கப்பட்டது. உலகத்தைக் காப்பாற்றுற திட்டம் வந்தபோதும் விவசாயியின் காணிதான் கேட்கப்படுது. எரிபொருள் மாறியிருக்கு, காணி கேட்கிற முறை மாறவில்லை.

2021ஐயும் இதோட சேர்த்துப் பார்க்கலாம். அந்த வருஷம் ஏப்ரல் கடைசியில் இரசாயனப் பசளை ஒரே இரவில் நிறுத்தப்பட்டது. சேதன விவசாயம் நல்ல விஷயம்தான், ஆனால் அதுக்கு மண்ணைத் தயார்படுத்த வருஷங்கள் வேணும். எங்கட ஊர் வயல்களில் நெல் மஞ்சளாகி நிற்கும்போது, அன்றைய ஜனாதிபதி கிளாஸ்கோ காலநிலை மாநாட்டுக்குப் போய் அதே கொள்கையைப் பெருமையாகப் பேசினார். நவம்பரில் தடை எடுக்கப்பட்டது. அதுக்குள்ள பெரும்போகம் கைவிட்டுப் போயிற்று. எங்கட மாமா அந்தப் போகத்தில் அறுத்தது சாப்பாட்டுக்கே காணவில்லை. கிளாஸ்கோவில் கைதட்டினவர்களுக்கு அது தெரியாது.

ஒரே மழை, வேற வேற பாதை

2011 தொடக்கத்தில் கிழக்கே வெள்ளத்தில் கிடந்தது. 2016, 2017இல் நாப்பது வருஷத்தில் காணாத வரட்சி. 2020 டிசம்பரில் புரெவி. 2024 நவம்பரில் பெரிய மழை. அந்த மழையில் அம்பாறை மாவாட்டப் பக்கம் மாவடிப்பள்ளியில், மதரசாப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன உழவு இயந்திரம் வெள்ளத்தில் இழுபட்டது. மழைக்கு மழை தண்ணீர் மேவுகிற வீதி அது என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதுக்கு மூணு வருஷம் முந்தி, 2021 நவம்பர் 23இல், எங்கட குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியாததால் ஓடவிட்ட படகுப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறந்தார்கள். அன்றைக்குப் புயல் ஒன்றும் இல்லை. 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்த அன்றும் புயல் இல்லை. பாலமும் கட்டும் வீதியும் வானத்திலிருந்து விழுகிறதில்லை. யாரோ பணம் ஒதுக்குகிறார்கள் அல்லது ஒதுக்காமல் விடுகிறார்கள்.

கடைசியாக டித்வா. 2025 நவம்பர் 28இல் கிழக்குக் கரையால் உள்ளே வந்து, நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு போனது. கூடுதலான மரணங்கள் மலைநாட்டில், மண்சரிவில். 19ஆம் நூற்றாண்டில் மொட்டையாக்கப்பட்ட சரிவுகளைப் பற்றி மேலே சொன்னேனே, தோட்ட மக்கள் பலர் இறந்தது அந்த மலைகளில்தான். மலையில் பெய்த மழை மகாவலியால் கீழே வந்தது. நவம்பர் 30இல் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து மூதூர், வெருகல், சேருவில எல்லாம் தண்ணீருக்குள் போனது. 2006இல் தண்ணீர் இல்லாமல் சண்டை தொடங்கிய அதே மாவிலாறு, 2025இல் தண்ணீர் தாங்காமல் உடைந்தது.

அந்த நாட்களில் பலரும் சொன்ன இன்னொரு குறை, எச்சரிக்கைகள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வந்த அளவுக்குத் தமிழில் வரவில்லை என்பது. 1987இலிருந்து அரசியலமைப்பில் தமிழும் ஆட்சிமொழி. ஆனால் ஆறு பெருகுகிற இரவில் ஒரு தாய்க்குத் தேவையானது சட்டப் பிரிவு இலக்கம் இல்லை. "இன்றிரவு வீட்டை விட்டு வெளியேறுங்கள்" என்ற ஒரு வரி அவவுடைய மொழியில் நேரத்துக்கு வரவேண்டும். காலநிலை மாற்றம் மழையைக் கூட்டலாம். மொழிபெயர்ப்பாளரை வேலைக்கு எடுக்காமல் விட்டது காலநிலை மாற்றம் இல்லை.

என்ன செய்ய?

1992இல் ரியோவில் உலக நாடுகள் ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டன: பொறுப்பு எல்லாருக்கும் உண்டு, ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவு இல்லை. நூற்றாண்டுக் கணக்காகப் புகை விட்டுப் பணக்காரரான நாடுகள் கூடுதலாகச் சுமக்கவேண்டும். 2022இல் எகிப்தில் நடந்த மாநாட்டில் இழப்புக்கும் சேதத்துக்கும் ஒரு நிதியம் வைக்க ஒத்துக்கொண்டதும் இந்தக் கொள்கையில் நின்றுதான். சர்வதேச மேடையில் இலங்கை இந்த நியாயத்தைக் கேட்கிறது. கேட்கவும் வேணும், நாங்கள் விட்ட புகை மிகக் கொஞ்சம்.

நான் கேட்கிறது, அதே நியாயத்தை நாட்டுக்குள்ளேயும் பாவியுங்கள் என்றுதான். லண்டனுக்கும் கொழும்புக்கும் இடையில் பொறுப்பு ஒரே அளவு இல்லை என்றால், கொழும்புக்கும் மூதூருக்கும் இடையிலும் ஒரே அளவு இல்லை. குளிரூட்டி ஓடுகிற மாடிக் கட்டடத்துக்கு மின்சாரம் கொடுக்க முத்துநகர்க்காரன் ஏன் வயலைக் கொடுக்கவேண்டும்? கொடுக்கத்தான் வேணும் என்றால் அவனிடம் கேட்டீர்களா, அவனுக்கு என்ன கிடைக்கும்?

அடுத்த தடவை வெள்ளம் வரும்போது "காலநிலை மாற்றம்" என்று யாராவது கதையை முடித்தால், நீங்கள் அந்த இடத்தில் நாலு கேள்வியோடு தொடங்குங்க. எந்த மதகை யார் எத்தனை மணிக்குத் திறந்தார்கள்? எச்சரிக்கை எந்த மொழியில் வந்தது? அந்தக் கட்டைக் கடைசியாகத் திருத்தின வருஷம் எது? இதுக்குத் தீர்வு என்று வருகிற திட்டம் யாருடைய காணியில் நிற்கப் போகுது?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேட ஆவணம் வேணும், எங்கட பக்கத்தில் அது குறைவு. அறுபத்திநாலு புயலைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் கொஞ்சப் பேர்தான் இருக்கிறார்கள். கையில் ஃபோன் இருக்கு. உங்கட மூத்தம்மாவிடமும் அப்பாச்சியிடமும் கேட்டுப் பதிவு செய்யுங்க. தண்ணீர் எது வரைக்கும் வந்தது என்று பள்ளிவாசல் சுவரிலும் கோயில் சுவரிலும் பள்ளிக்கூடச் சுவரிலும் அளந்து, திகதியோடு எழுதி வையுங்க. காக்காமுனையிலும் சூரங்கலிலும் கிளிவெட்டியிலும் சேருவிலவிலும் எடுத்த அளவுகளை ஒரு இடத்தில் சேர்த்தால், "இது எதிர்பாராத வெள்ளம்" என்று இனி ஒரு அதிகாரியும் சொல்ல முடியாது.